என் பெயருக்கு இரண்டு காவல்

அவன் அவர் பக்கம் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்தப் பள்ளிவாசலில் நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அவரும் அப்படித்தான், அவன் என் பக்கம் ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பிள்ளை மட்டும் இரண்டு பேரிடமும் இல்லை.

அரையாண்டு லீவுக்கு கெய்ரோ போகலாம் என்று ஆரம்பித்து வைத்தது நான்தான். அதனால் பழியில் பாதி எனக்கு. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் தெற்கு எகிப்தில் எங்கள் ஊரான சோஹாகைத் தாண்டி நாங்கள் எங்கும் போனதில்லை. என் கணவர் பகீத் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் கணக்கெடுப்பவர். வாசலில் நின்று மூன்று தடவை இருமி, பெண்கள் உள்ளே போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். எந்த வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டால் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார். கட்டிய மனைவியின் பெயரையே சொன்னதில்லை, ஊரார் வீட்டுப் பெண்கள் பெயரையா சொல்லப்போகிறார்?

வீட்டுக்குள் நான் 'ரிஃபாத் அம்மா'. ரிஃபாத் பிறப்பதற்கு முன்பு 'இந்தா'. வெளியே யாரிடமாவது பேசும்போது 'எங்க வீட்ல'. அவர் போனில் என் நம்பருக்கு மேலே 'வீடு' என்று போட்டிருக்கும். எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பெயர் இருந்தது, என் அப்பா பெயர் இருந்தது, என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அன்னாரின் மகள்' என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. நானும் மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவுக்கு ஒரு மாதம் முன்னால் ரிஃபாத் உதடு கிழிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். ஏழு வயது. எவனோ அவனுடைய தடுப்பூசி அட்டையை எட்டிப்பார்த்து என் பெயரைப் படித்துவிட்டான். அன்று முழுக்க 'நவ்வாரா மகனே, நவ்வாரா மகனே' என்று வகுப்பே அவன் பின்னால் ஓடியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. உதட்டில் காப்பிப் பொடியை வைத்து நான் அழுத்திக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பையனை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, அம்மா பெயரை வெளியே விடுகிறவன் ஆம்பளையே இல்லை, யார் கேட்டாலும், கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டாலும் அது வயிற்றுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றார். குர்ஆன் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கினார். நான் பக்கத்தில் காப்பிப் பொடியோடு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிப் பாதிப் பழி அதற்கு.

முதல் நாள் கெய்ரோ கோபுரத்தின் உச்சிக்கு ஏறினோம், ஹுசைன் பள்ளியில் தொழுதோம், நைலில் படகில் போனோம். ரிஃபாத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நைல் எங்கள் ஊரிலும் ஓடுகிறது. மண்ணுக்கடியில் ஓடுகிற ரயில்தான் அவனுக்கு அதிசயம். யார் தோண்டினார்கள், தோண்டிய மண் எங்கே, மேலே நைல் ஒழுகினால் என்ன செய்வார்கள், ரயிலுக்கு இருட்டில் பயமாக இருக்காதா என்று வாயே ஓயவில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், தூங்கும்போதுகூட யாரிடமாவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பான்.

மெட்ரோவில் நடுவில் இரண்டு பெட்டி பெண்களுக்கு. முதல் நாள் அவனை என்னோடு அதில்தான் ஏற்றிக்கொண்டேன். இவர் பக்கத்துப் பெட்டியில் வந்தார். ஒரு காலேஜ் பெண் ரிஃபாத்தின் கன்னத்தைக் கிள்ளி, "ஒத்த மாப்பிள்ளைக்கு இத்தன பொண்ணா?" என்றாள். பெட்டியே சிரித்தது. ராத்திரிச் சாப்பாட்டில் நான் அதைச் சொல்லப்போக, இவர் பிடித்துக்கொண்டார். "பொம்பளப் பெட்டில வந்த மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி குஷரி வைங்கப்பா." ஒவ்வொரு தடவை தட்டை நகர்த்தும்போதும் இதையே சொன்னார். ரிஃபாத் அன்றைக்குப் பாதியில் எழுந்துவிட்டான்.

மறுநாள் பிரமிடு. ரம்சீஸ் சதுக்கத்துக்குக் கீழே உள்ள ஸ்டேஷனில் காலைக் கூட்டம் நெரிந்தது. வண்டி வந்து கதவு திறந்ததும் நான் ரிஃபாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பெட்டிக்குத் திரும்பினேன். அவன் கையை உருவிக்கொண்டான்.

"நான் ஆம்பள. யப்பா கூடத்தான் வருவேன்," என்றான்.

சொல்லிவிட்டு ஓடினான். பக்கத்துப் பெட்டிக்கு இருபது அடி இருக்கும். சிவப்பு ஜாக்கெட், அதன் முதுகு இவர் நின்ற கதவுக்கு நேராகப் போய்விட்டது. பின்னால் இருந்த பெண்கள் என்னை உள்ளே தள்ளினார்கள். சங்கு ஊதியது, கதவு மூடிக்கொண்டது.

அந்தப் பக்கம் நடந்ததை இவர் பிறகு சொன்னார். கதவுக்கு முன்னால் பையன் வந்து நின்றான். உள்ளே மாவு மூட்டை அடுக்கியதுபோல ஆட்கள், இவர் ஒரு காலில் நிற்கிறார். பிள்ளை நசுங்கிவிடுவானே என்று, "அம்மாகிட்ட ஓடு, சீக்கிரம்" என்று கத்தினார். அவன் திரும்பி ஓடினான். சங்கு ஊதியது, கதவு மூடிக்கொண்டது.

ஒன்பது ஸ்டேஷன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள் பூசணி விதை கொடுத்தாள், உடைத்துத் தின்றுகொண்டே அவளிடம் என் மகன் பெரிய மனுஷனாகிவிட்டான், இனி பெண்கள் பெட்டியில் வரமாட்டானாம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஒன்பது ஸ்டேஷனும் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றுவரை அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரமிடுக்குப் போகிற கீஸா ஸ்டேஷனில் இறங்கினோம். இவர் கையை வீசிக்கொண்டு வந்தார். நானும் கையை வீசிக்கொண்டு போனேன். "பையன் எங்க?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அதன்பிறகு அந்தப் பிளாட்பாரத்தில் நின்று சண்டை போட்டோம். ஆமாம், தேடவில்லை, ஓடவில்லை, சண்டை போட்டோம். "ஒன்கிட்டதான் அனுப்பினேன்", "உங்ககிட்டதான் வந்தான்", "பொம்பளைக்குப் பிள்ளையப் பாக்கத் தெரியாதா", "நேத்து ராத்திரி கேலி பண்ணினது யாரு" என்று. அப்போது அடுத்த வண்டி வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. இரண்டு பேரும் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதவு மூடி அது போய்விட்டது. ரிஃபாத் அதற்குள்தான் இருந்தான். எங்களைப் பிடிக்க அடுத்த வண்டியில் தானாக ஏறி, பெரியவர்களின் கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எங்களைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறான். இது எங்களுக்குத் தெரிய மூன்று மணி நேரம் ஆயிற்று.

நாங்கள் ஏறிய இடத்துக்கே ஓடினோம். இந்தத் தடவை இவரோடு ஒரே பெட்டியில் ஏறினேன். இவரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கும்போது இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தலையை நீட்டிக் கூப்பிட்டோம். சோஹாகில் தெருவில் நான் குரல் உயர்த்தியதே கிடையாது. அன்றைக்கு என் தொண்டையில் என்ன இருந்தது என்று கெய்ரோவுக்கே தெரிந்திருக்கும்.

ரம்சீஸ் பிளாட்பாரத்தில் அவன் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கம்பளிக் குல்லா போட்ட ஒல்லி மனிதர், நல்லவர்தான். உட்காரச் சொன்னார், மைக்கில் ரிஃபாத்தின் பெயரையும் ஊரையும் சொல்லிக் கூப்பிட்டார், போனை எடுத்து மற்ற ஸ்டேஷன்களில் விசாரித்தார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம் கேட்டார்.

"கடைசி ஸ்டேஷன்ல ஒரு பையன் இருக்கானாம். ஆனா ஊமையாம். அஞ்சு வயசு இருக்குங்கறாங்க."

"எங்க பையன் இல்ல," என்றார் இவர் உடனே. "அவனுக்கு ஏழு வயசு. ஊமையா? அவன் வாய மூட வைக்கத்தான் ஆள் வேணும்."

நானும் தலையாட்டினேன். வயதுக்குச் சின்ன உடம்பு என் பிள்ளைக்கு, பார்க்கிறவர்கள் ஐந்து என்றுதான் சொல்வார்கள். அது என் நினைவுக்கு வரவில்லை. என்ன சட்டை என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

மேலே ஏறி ரயில் நிலையத்துக்கு ஓடினோம். ஊருக்குப் போகிற வண்டி நிற்கும் இடம் அவனுக்குத் தெரியும், அங்கே போயிருப்பான் என்று இவர் சொன்னார். போகவில்லை. கழிவறை, தொழுகை அறை, பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால், டீக்கடைகள், பஸ்கள் நிற்கும் இடம், மேம்பாலத்துக்கு அடியில், ஒன்றையும் விடவில்லை. சிவப்பாக எது தெரிந்தாலும் ஓடினேன். ஒரு பையனைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன், அவன் அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். ரொட்டி விற்கிறவள் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, போன வருஷம் இதே இடத்தில் காணாமல்போன ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தேன். அல்லாவே, அவன் கையை எடு காலை எடு, உயிரோடு மட்டும் கொடு என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் இப்படியும் வேண்டுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இவர் நின்றார். ஒரு வேளைத் தொழுகையைக்கூடத் தவறவிடாத மனிதர். "அவன் பசி தாங்கமாட்டானே," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது, அதை இழுத்துக்கொண்டே நடந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நல்ல மனைவி என்று சொல்லிக்கொள்ளலாம்.

புகார் எழுதிக் கொடுத்தால்தான் எல்லாக் காவல் நிலையத்துக்கும் தகவல் போகும் என்றார்கள். மறுபடி அதே அறை. ஸ்டேஷன் மாஸ்டர், இரண்டு போலீஸ்காரர்கள், டீ கொண்டுவந்தவன், டிக்கெட் தகராறில் பிடிபட்ட இரண்டு பேர், எல்லாரும் ஆண்கள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டே வந்தார். பிள்ளை பெயர், அப்பா பெயர், ஊர், உயரம்.

"அம்மா பேரு?"

"ரிஃபாத் அம்மான்னு போடுங்க," என்றார் இவர்.

"அது தெரியுதே. பேரு?"

"எங்க வீட்ல."

டிக்கெட் தகராறுக்காரர்களில் ஒருவன் சிரித்தான். போலீஸ்காரர் பேனாவை மேஜையில் வைத்தார். "தெற்கத்திக்காரரே, உங்க வீட்டு விலாசமா கேட்டேன்? ஒரு பேரு. அதச் சொல்ல என்ன?"

இவர் வாயை மூடிக்கொண்டார். கீழுதட்டை உள்ளே மடக்கிப் பல்லால் பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் காணோம், நேரம் போகிறது, இந்த மனிதர் ஆறு ஆண்களுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லமுடியாமல் நிற்கிறார். எழுந்து அறைந்துவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் அந்த மடங்கிய உதட்டைச் சரியாகப் பார்த்தேன். அந்த உதட்டை எனக்குத் தெரியும். காப்பிப் பொடி வைத்த உதடு. சத்தியம் செய்துவிட்டு ரிஃபாத் அதை இப்படித்தான் உள்ளே மடக்கிக்கொண்டான்.

"தொலஞ்ச பிள்ளைகிட்ட மொதல்ல என்ன கேப்பீங்க?" என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னார். "அம்மா பேருதான் கேப்போம். அப்பா பேரு கேட்டா பாதிப் பிள்ளைங்க முகம்மதுங்கும், எத்தன முகம்மதத் தேடுறது? அம்மா பேரச் சொன்னா மைக்ல கூப்பிட்டுருவோம்."

"அந்த ஊமப் பையன் என்ன போட்டிருந்தான்னு கேளுங்க. என் பேரு நவ்வாரா. எழுதிக்கோங்க. நவ்வாரா."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் நம்பரைச் சுழற்றினார். அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு, அவர் வேறு யாரையோ கேட்டு, பதில் வருவதற்குள் நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சிவப்பு ஜாக்கெட்டாம்," என்றார். பிறகு முகம் மாறியது. "ரெண்டு மணி நேரம் வச்சிருந்து பாத்திருக்காங்க. காதும் கேக்கலன்னு முடிவு பண்ணி, இப்பத்தான் அரை மணிக்கு முந்தி போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்காங்க. அங்கருந்து ஊமப் பிள்ளைங்க இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். சீக்கிரம் போங்க."

டாக்சியில் இவர் முன்னால் உட்கார்ந்தார். பாலத்தின் மேல் வண்டிகள் நகரவே இல்லை. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பின்னாலிருந்து பேசினேன். ஒன்பது வருடமாகப் பேசாததை எல்லாம் பேசினேன். என் பெயருக்கு ரெண்டு ஆம்பளை காவல் நின்றீர்கள், பிள்ளைக்குக் காவல் நிற்க ஒருத்தரும் இல்லை, நானும் இல்லை என்றேன். பிள்ளை கிடைக்காவிட்டால் நான் இந்த ஊரிலேயே தெருவில் கிடக்கிறேன், நீங்கள் உங்கள் மரியாதையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள் என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுத்தார். 

"காலையிலேர்ந்து பேசாம இருக்கான்," என்றார் இவர் கடைசியில், முன்கண்ணாடியைப் பார்த்து. "பேசாம அவனுக்கு இருக்கவே முடியாதே."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு வேன் எஞ்சினை ஓடவிட்டு நின்றது. இவர் பணம் கொடுக்கும்வரை நான் நிற்கவில்லை. உள்ளே நீளமான பெஞ்சில், கால் தரைக்கு எட்டாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜாக்கெட்டில் ஊசியால் ஒரு காகிதம் குத்தியிருந்தார்கள். 'ஆண் குழந்தை. வயது ஐந்து. வாய் பேசாது, காது கேட்காது. பெயர் தெரியவில்லை.' பக்கத்தில் பிஸ்கட் பிரிக்காமல் இருந்தது. கீழுதடு உள்ளே மடங்கி, பல் பட்ட இடத்தில் ஆறிய காயம் மறுபடி கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

என் குரலைக் கேட்டதும் திரும்பினான். அழவில்லை. ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் அவசரமாகச் சொன்னான்.

"யம்மா, நான் சொல்லவே இல்ல. பெரிய போலீஸ் கேட்டுச்சு, ஒரு டீச்சர் கேட்டாங்க, சொல்லல. வாயத் தெறந்தா அதுவா வந்துருமோன்னு தெறக்கவே இல்ல யம்மா."

மூன்று மணி நேரமாக அடக்கி வைத்த மூச்சு என்னிடமிருந்து அப்போதுதான் வெளியே வந்தது. அது அழுகையாக வரவில்லை, ஊளையாக வந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ரிஃபாத் என் தோளுக்கு மேலே இவரைப் பார்த்தான். தலையை நிமிர்த்தி, பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டு நிற்பானே, அப்படிப் பார்த்தான். ஒரு சபாஷுக்குக் காத்திருந்தான். இவர் அறுந்த செருப்போடு வாசலிலேயே நின்றார்.

அதிகாரி ரெஜிஸ்டரைத் திறந்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார். அந்த அறையில் சிரிக்க முடிந்தது அவருக்கு மட்டும்தான். "அடேய், ஊமைக்கு நாக்கு இருக்கா? எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டியே. பிள்ளை வாயால ஒரு வார்த்தை வேணும், எழுதிட்டு அனுப்பிடறேன். இப்பவாவது சொல்லு, ஒங்கம்மா பேரு என்ன?"

ரிஃபாத்தின் உதடு உள்ளே போய்விட்டது.

இவர் வந்தார். அவனுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். ஜாக்கெட்டிலிருந்த காகிதத்தைக் கழற்றப் பார்த்தார், ஊசி விரலில் குத்தியது. "சொல்லுடா தங்கம்," என்றார். "அப்பாதான் சொல்றேன். சொல்லலாம். சத்தியமெல்லாம் இல்ல. சொல்லு."

அவன் இவரைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், பெஞ்சு ஓரத்தில் நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்தான். அப்பா சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான். இல்லை என்று தலையாட்டினான். இவர் மறுபடி கேட்டார், கெஞ்சினார், தலையைக் கோதினார். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான், காயத்திலிருந்து புது ரத்தம் முகவாய்க்கு இறங்கியது.

அறையில் ஏழெட்டு ஆண்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக ஆரம்பித்தார்.

"ஒங்கம்மா பேரு, நவ்..."

ரிஃபாத் என் பிடியிலிருந்து பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் இவர் வாயைப் பொத்திவிட்டான். ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து என் பெயரில் அவ்வளவுதான் வந்தது. மீதி பிள்ளையின் கைக்குள் போய்விட்டது. இவர் அந்தக் கையை எடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ரிஃபாத் பயந்துபோய் இவர் காதோடு வாயை வைத்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்று அடிக்குரலில் சொன்னான்.

"சொல்லாத யப்பா. ஆம்பளைங்க இருக்காங்க."